முங்கிய பறவையை எண்ணுவது எப்படி? ராமநாதபுரம் கண்மாய்களும் முக்குளிப்பானும்

முக்குளிப்பானை எண்ணுவதற்கென்றே முதல் தடவை கண்மாய்க் கரையில் உட்கார்ந்த காலையில், ஒரே தண்ணீர்ப் பரப்பை மூன்று தடவை எண்ணி மூன்று வெவ்வேறு எண்களை நோட்டில் எழுதினேன். அந்தப் பறவையின் பிழைப்பு அப்படி. தேங்காய் நெற்று மாதிரி மிதந்துகொண்டிருக்கும். கண் சிமிட்டுவதற்குள் தண்ணீரில் ஒரு சின்ன வட்டம் விரியும், பறவை இருக்காது. பத்து நொடி, பதினைந்து நொடி, சில நேரம் இருபதையும் தாண்டும். முங்கிய இடத்திலேயே எழும் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் எழுந்தது இதே பறவையா, வேறொன்றா என்று யோசிப்பதற்குள் மறுபடி முங்கிவிடும்.

பிறகு பல பருவங்கள் கரையில் உட்கார்ந்த பின்தான் ஒன்று புரிந்தது. இந்தப் பறவையைப் பொறுத்தவரை எத்தனை தலை என்பதைவிட, எத்தனை குடும்பம் குஞ்சைப் பறக்கும் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கான பதிலில் பாதி பறவையிடம் இருக்கிறது, மீதிப் பாதி கண்மாயின் நீர்மட்டத்தில் இருக்கிறது. அந்த இரண்டாம் பாதியை நாம் யாரும் எழுதிவைப்பதே இல்லை.

பறவையை முதலில் பார்த்துவிடுவோம். வாத்துக் குஞ்சு என்று நினைத்துப் பலரும் கடந்துபோகும் பறவை இது. நீளம் ஒரு அடிக்கும் குறைவு, 25 முதல் 29 சென்டிமீட்டர். வாலே இல்லாதது போல் பின்பக்கம் மொட்டையாக இருக்கும். மற்ற நாளில் மங்கிய பழுப்பு நிறம். கூடு கட்டும் காலம் வந்துவிட்டால் கன்னமும் கழுத்தும் செங்கல் நிறத்துக்கு மாறும், அலகின் அடியில் வெளிர்மஞ்சளாக ஒரு பொட்டு விழும். அந்தப் பொட்டை நல்ல தொலைநோக்கியில் கரையிலிருந்தே பார்க்கலாம். வாத்துக்கு விரல்களை இணைக்கும் சவ்வு உண்டு. முக்குளிப்பானுக்கு அது கிடையாது, ஒவ்வொரு விரலும் தனித்தனி இலை போல அகன்றிருக்கும். கால்கள் உடம்பின் கடைக்கோடியில் இருப்பதால் தண்ணீருக்குள் மீனைப் போலப் பாய்கிறது, தரையில் நாலடி வைப்பதற்குத் தடுமாறுகிறது. கூட்டைத் தண்ணீரிலேயே மிதக்க விடுவதற்கும் இதுதான் காரணம். கரையில் கட்டினால் அதற்கு நடந்து போய்ச் சேர வேண்டுமே.

இன்னொரு விஷயம், இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் பிடிக்கும். முக்குளிப்பான் குடும்பத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் பூநாரைக் குடும்பம் என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆளுயரத்துக்குக் கால் நீண்ட அந்த இளஞ்சிவப்புப் பறவையும், கைக்குள் அடங்கிவிடுகிற இந்தக் குட்டையனும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. ஒன்று தனுஷ்கோடி உப்புநீர்த் திட்டுகளில் நிற்கிறது, மற்றது அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கண்மாய் நன்னீரில் முங்குகிறது. பூநாரைக்கு 2025இல் தனுஷ்கோடியில் சரணாலயம் அறிவித்தார்கள். சந்தோஷம். அதன் சின்னச் சொந்தக்காரனுக்குத் தனிச் சரணாலயம் தேவையில்லை, இருக்கிற கண்மாயில் எழுபத்தைந்து நாள் தண்ணீர் நின்றால் போதும்.

அந்த எழுபத்தைந்து எங்கிருந்து வந்தது? கூடு கட்டி முட்டையிட்டு முடிக்க எட்டு முதல் பத்து நாள். நான்கைந்து முட்டை சாதாரணம். அடைகாப்பு 20, 21 நாள். பொரித்த குஞ்சு சொந்தமாகப் பறக்க 44 முதல் 48 நாள். எல்லாம் கூட்டினால் 75க்கு முன்பின் வரும். முக்குளிப்பானுக்குக் காலண்டரில் குறித்த மாதம் கிடையாது, தண்ணீரும் பாசியும் சொல்வதுதான் அதற்குக் காலம். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஏரி என்றால் ஒன்றுக்கு இரண்டு ஈடு குஞ்சு எடுக்கும். ராமநாதபுரத்துக் கண்மாய் அந்த வசதியைக் கொடுப்பதில்லை.

இங்கே கண்மாய் என்பது என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் வில் போல வளைந்த மண்கரை, எதிர்ப்பக்கம் திறந்த வெளி. அதிகப்படித் தண்ணீர் வழிய ஒரு கலுங்கு, வயலுக்குத் தண்ணீர் விட மடைகள். ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று இன்றும் சொல்கிறார்கள். நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம் என்று பொருள். வைகை ஆறே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து விழுந்து, மிஞ்சியது ஆற்றங்கரை பக்கம் கடலில் சேர்கிறது. இவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆழம் கிடையாது. தரை அவ்வளவு சமதளம். ஆயிரம் அடிக்கு ஒரு அடி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் ஒரே ஒரு அடி இறங்கினால் தண்ணீர் விளிம்பு ஆயிரம் அடி பின்வாங்கிவிடும். மலையடிவார அணையில் ஒரு அடி இறங்கினால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இங்கே நேற்று தண்ணீரில் மிதந்த கூடு இன்று சேற்றில் உட்கார்ந்திருக்கும்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டினால் கண்மாய் நிரம்புகிறது. நிரம்பிய மறுநாளே முக்குளிப்பான் கட்டத் தொடங்காது. வேலம்பாசி என்கிற நீர்ச்செடியும் ஆம்பலும் கோரையும் தண்ணீருக்கு மேல் வந்தாக வேண்டும். மழை முந்தினால் கார்த்திகைக் கடைசியில், பிந்தினால் மார்கழியில் கட்டும். மார்கழி நடுவில் முதல் பாசியை இழுத்துப் போட்ட ஜோடிக்குத் தை நடுவில் குஞ்சு பொரிக்கும், அது பறக்க மாசிக் கடைசி ஆகும். இதே மாதங்களில்தான் நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் வேண்டும், அப்புறம் முண்டு மிளகாய்க்கும் பருத்திக்கும் வேண்டும். வெயிலும் தன் பங்குக்கு உறிஞ்சும். ஆக, பறவையின் 75 நாளும் சம்சாரியின் (விவசாயியின்) தேவையும் ஒரே தண்ணீரில் வந்து நிற்கின்றன. யார் மீதும் குற்றம் சொல்ல முடியாத நெருக்கடி இது. மடை திறக்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எந்த நாளில் எவ்வளவு இறங்கியது என்று எழுதிவைக்கலாம். அதை நாம் செய்திருக்க வேண்டும்.

ஒரு மாசி மாதம், தரைதட்டிப்போன கூடு ஒன்றைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உலர்ந்த பாசிக் குவியல், அதைச் சுற்றிச் சேற்றில் நாயின் காலடித் தடம். அந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சி (மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுபவர்), எழுபது வயதைத் தாண்டியவர், மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி வந்து பக்கத்தில் நின்றார்.

“தண்ணி ஒரு சாண் இறங்கிருச்சுன்னா கூட்டுக்கு நாய் வந்துரும் தம்பி. அது தெரிஞ்சுதான் நடுத் தண்ணியில கட்டுது. நாமதான் நடுத் தண்ணியையும் இறக்கிர்றோம்.”

“எப்ப மடை திறந்தீங்க ஐயா?”

“தை அமாவாசைக்கு மறுநா.”

அந்த ஒரு பதிலில் எனக்கு அந்த வருடக் கணக்கு முழுக்க விளங்கிவிட்டது. அன்றைக்குக் குஞ்சுகள் முட்டைக்குள் இருந்திருக்க வேண்டும். பறவை நோக்குபவர்கள் தொலைநோக்கியும் செயலியும் வைத்திருக்கிறோம். நீர்மட்டத்தின் கணக்கு நீர்பாய்ச்சியின் நினைவில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நோட்டில் சேர்க்காமல் முக்குளிப்பானைக் கண்காணிப்பதாகச் சொல்லிக்கொள்வது சரியில்லை.

ஏற்கெனவே நடக்கும் கணக்கெடுப்புகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. வனத்துறையும் ஒரே நேரத்தில் பல நீர்நிலைகளில் ஆட்களை நிறுத்தி எண்ணுகிறது. வலசை வரும் வாத்துகளையும் உள்ளான்களையும் அறிய ஜனவரி சரியான மாதம். முக்குளிப்பானுக்கு அதே ஜனவரி மிகவும் குழப்பமான மாதம். ஜோடியில் ஒன்று கூட்டில் அடைகாத்துக்கொண்டு பாசிக்குள் மறைந்திருக்கும். அதனால் நன்றாக இனப்பெருக்கம் நடக்கிற கண்மாயில் எண்ணிக்கை குறைவாகத் தெரியும்.

இதைவிட ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. மழை பொய்த்த வருடத்தில் சின்னக் கண்மாய்களும் ஊருணிகளும் முதலில் வற்றும். அங்கே இருந்த முக்குளிப்பான்கள் இரவோடு இரவாகப் பறந்து, தண்ணீர் மிச்சமிருக்கும் பெரிய கண்மாயில் வந்து கூடும். பகலில் பறக்கத் தெரியாதது போல் தண்ணீர் மேல் தத்தளித்து ஓடும் பறவை, இடம் மாறுவது இரவில்தான். அந்தப் பெரிய கண்மாயில் எண்ணுபவர் போன வருடத்தைவிட அதிகம் என்று எழுதுவார். தாளில் பெருக்கம் தெரியும். மாவட்டம் முழுக்க அந்த வருடம் ஒரு குஞ்சுகூடப் பறந்திருக்காது. எண்ணிக்கை உயர்ந்தால் நல்லது, தாழ்ந்தால் கெட்டது என்ற வழக்கமான வாசிப்பு இங்கே தலைகீழாகிவிடுகிறது. நீர்மட்டம் பக்கத்தில் எழுதப்படாத வெறும் எண்ணை இரண்டு வருடங்களுக்கு இடையே ஒப்பிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, எப்படித்தான் எண்ணுவது?

முங்குவதன் கணக்கை முதலில் சரிசெய்ய வேண்டும். இரை தேடும் பறவை 15 நொடி உள்ளே, 15 நொடி வெளியே என்று இருந்தால், எந்த ஒரு பார்வையிலும் பாதிதான் மேலே தெரியும். 20 இருக்கும் இடத்தில் 10 என்று எழுதிவிட்டு வருவோம். அதனால் தொலைநோக்கியை ஒரே வீச்சில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டக் கூடாது. இந்த மடையிலிருந்து அந்த ஒற்றைக் கருவேல மரம் வரை ஒரு பகுதி, அங்கிருந்து கலுங்கு வரை இன்னொன்று என்று தண்ணீரைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடமாவது கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஒருசேரத் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையை எழுதுவது நல்லது. அரை மணி கழித்து மறுபடி அதே வேலை. விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். வாடைக்காற்று எழும்பிவிட்டால் கண்மாயில் அலை புரளும், அலைகளுக்கு நடுவே இந்தப் பறவையைத் தேடுவது வீண்.

காதும் உதவும். இதன் கூவல் மெல்லிய குதிரைக் கனைப்பு மாதிரி நடுங்கி நீளும். ஜோடி இரண்டும் சேர்ந்தே கூவும். பாசி மறைத்தாலும் இந்தக் கூவல் வரும் இடத்தைக் கண்மாய்ப் படத்தில் புள்ளி வைத்தால், நாலைந்து வருகைக்குள் புள்ளிகள் அங்கங்கே கொத்தாகச் சேரும். ஒரு கொத்து ஒரு ஜோடியின் எல்லை என்று கொள்ளலாம். பத்து நாளுக்கு ஒருமுறை வந்தால் போதும், பங்குனி வரை விடாமல் வர வேண்டும். ஒரே நாளில் ஐம்பது பேர் வருவதைவிட, ஒரே ஆள் எட்டு முறை வருவது இதற்கு அதிகம் பயன்படும்.

கூட்டைத் தேடித் தண்ணீரில் இறங்கவே கூடாது. காரணத்தை ஒரு தடவை நேரில் பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது. அடைகாக்கும் பறவைக்கு ஆள் அரவம் கேட்டதும் அது பதறிப் பறந்துவிடுவதில்லை. அலகால் கூட்டின் ஓரத்திலிருந்து ஈரப்பாசியை எடுத்து முட்டைகள் மேல் போடும். ஒன்று, இரண்டு, மூன்று கொத்து. நாலாவதில் முட்டை எதுவும் தெரியாது. பிறகு சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் வழுக்கி இறங்கிவிடும். நமக்குத் தெரிவது மிதக்கும் அழுகல் பாசிக் குவியல் ஒன்றுதான். இட்டபோது வெள்ளையாக இருந்த முட்டை, நாள் ஆக ஆக இந்தப் பாசிச் சாயம் ஏறிப் பழுப்பாகிவிடுகிறது. ஆள் சட்டென்று நெருங்கிவிட்டால் மூடுவதற்கு நேரம் கிடைக்காது. திறந்த முட்டை வெயிலில் காயும், காகமும் பருந்தும் கண்டுகொள்ளும். கணக்கெடுக்கப் போன நாமே கூட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் ஆகிவிடுவோம். கரையிலிருந்து தெரிவது மட்டும் போதும்.

கூடு தெரியாவிட்டாலும் குஞ்சு தெரியும். முதல் வாரத்தில் கறுப்பும் வெளுப்புமாக வரியோடிய குஞ்சுகள் அம்மா, அப்பா முதுகில் ஏறி இறகுக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பறவை சுமக்கும், மற்றது முங்கி இரை கொண்டுவந்து ஊட்டும். இரையோடு தன் உடம்பு இறகையும் பிய்த்து ஊட்டும். மீன்முள் குடலைக் குத்தாமலிருக்க வயிற்றில் இறகு மெத்தை வேண்டும் என்பது இந்தக் குடும்பத்துப் பறவைகளின் வழக்கம். அரை வளர்ச்சிக்கு வந்த குஞ்சு பின்னால் நீந்திக்கொண்டே கீச்சிடும். முழு வளர்ச்சியில் உருவம் பெற்றோர் அளவுக்கு வந்திருக்கும், முகத்தில் மட்டும் வரி மிச்சமிருக்கும். இந்த மூன்று நிலைகளில் எது என்று எழுதினால், முட்டை எப்போது இட்டது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடலாம். முகத்தில் வரி மிச்சமிருக்கும் பெரிய குஞ்சுகளோடு எத்தனை குடும்பம் தெரிகிறதோ, அதுதான் அந்த வருடத்தின் உண்மையான எண்ணிக்கை.

பக்கத்திலேயே நீர்மட்டம். மடைத்தூணில் அரை அடிக்கு ஒரு கோடு பெயிண்டில் போட்டுவிட்டால் போதும். ஊர்க்காரர்களிடமும் நீர்வளத்துறையிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வரும் ஒவ்வொரு தடவையும் கோட்டைப் பார்த்து எழுத வேண்டும், மடை திறந்த தேதியை நீர்பாய்ச்சியிடம் கேட்டு எழுத வேண்டும். வைகைத் தண்ணீர் வந்த தேதியும் முக்கியம். மட்டம் இறங்கினால்தான் ஆபத்து என்றில்லை. கோரையில் கட்டுண்ட கூடு மெதுவாக ஏறும் தண்ணீரோடு சேர்ந்து ஏறும், மேலே பாசியை அடுக்கிப் பறவையும் சமாளிக்கும். மேலேயிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஒரே இரவில் வந்து சேர்ந்தால் கூடு பிய்த்துக்கொண்டு போகும்.

பறவை எண்ணிக்கையும் நீர்மட்டமும் ஒன்றாகப் பார்க்கப்பட வேண்டியவை என்பதற்கு உலகில் வேறு இடத்துச் சாட்சியமும் உண்டு. பெரு நாட்டில், கடல்மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஜுனின் ஏரியில் மட்டுமே வாழும் ஒரு முக்குளிப்பான் இனம் இருக்கிறது. ஏரியின் வாயிலில் அணை வைத்து மின்சாரத்துக்காக மட்டத்தை ஏற்றி இறக்கினார்கள், சுரங்கக் கழிவும் சேர்ந்தது. தண்ணீர் இறங்கிய வருடங்களில் கோரை ஓரம் காய்ந்து, கூடு கட்ட இடம் இல்லாமல் போனது. இன்றைக்கு அந்த இனம் அழிவின் விளிம்பில் சில நூறாக நிற்கிறது. மடகாஸ்கரின் அலோத்ரா ஏரியில் வாழ்ந்த இனம் அதுவும் இல்லாமல் போய்விட்டது. 2010இல் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்களும் நைலான் வலைகளும் அதன் முடிவில் பங்குடையவை.

ஆறுதலான பக்கமும் உண்டு. இங்கிலாந்தில் கொண்டை முக்குளிப்பானை இறகுக்காக வேட்டையாடி, 19ஆம் நூற்றாண்டில் சில டஜன் ஜோடிகள் என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டப் பாதுகாப்பு வந்த பின் மீண்டது. அது எவ்வளவு மீண்டது என்று அறிய 1931இல் டாம் ஹாரிசனும் ஃபில் ஹாலமும் ஊர் ஊராகச் சாதாரண மக்களைச் சேர்த்து நாடு தழுவி எண்ணினார்கள். இதே பறவையின் காதல் நடனத்தை உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி டிரிங் நீர்த்தேக்கங்களில் உட்கார்ந்து கவனித்து 1914இல் எழுதினார். டிரிங் என்பது படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க மனிதர்கள் உண்டாக்கிய நீர்த்தேக்கம். நம் கண்மாயும் மனிதர் வெட்டியதுதான். மனிதர் வெட்டியது என்பதாலேயே ஒரு நீர்நிலை பறவைக்கு இரண்டாம் தரம் ஆகிவிடாது.

அலோத்ராவில் நான் சொன்ன வலை இங்கேயும் இருக்கிறது. கண்மாயில் மீன்பாசிக் குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கான குத்தகை உண்டு. குத்தகை எடுத்தவர்கள் விரிக்கும் தங்கூசி (மெல்லிய நைலான் இழை) வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. முங்கும் பறவை மாட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். நான் கவனித்துவந்த கண்மாய் ஒன்றில், அரை வளர்ச்சிக் குஞ்சுகளோடு இருந்த ஒரு ஜோடி இப்படிப் போனது. வலைக்காரருக்கு அது தெரியக்கூட இல்லை. அவரிடம் கோபப்பட்டுப் பேசியிருந்தால் பயன் இருந்திருக்காது. அடுத்த வருடம் ஊர்ப் பெரியவர்கள் மூலம் கேட்டோம். பாசி அடர்ந்த ஒரு மூலையை மட்டும் மாசிக் கடைசி வரை வலை போடாமல் விட்டுத்தாருங்கள் என்றோம். அந்த மூலையில் வலை வீசினால் பாசி சிக்கும், அதனால் அவர்களுக்கும் பெரிய நட்டமில்லை. விட்டுக்கொடுத்தார்கள்.

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022இலும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் 2025இலும் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. இந்தச் சரணாலயங்களில் எல்லோரும் பார்ப்பது கருவேல மரங்களில் கூடு கட்டும் நாரைகளையும் கூழைக்கடாக்களையும்தான். மரம் நட்டால் கூடு கூடும், மரத்துக் கூட்டை எண்ணுவதும் எளிது. முக்குளிப்பானுக்கு மரத்தால் ஆவது ஒன்றுமில்லை, அதற்கு வேண்டியது முழங்கால் முதல் இடுப்பு வரை ஆழமுள்ள, பாசி படர்ந்த தண்ணீர். 2017இல் குடிமராமத்து (ஊர் மக்களே சேர்ந்து நீர்நிலையைச் சீர்செய்யும் பழைய முறை) மீண்டும் வந்த பின் பல கண்மாய்கள் தூர்வாரப்பட்டன. ஆழப்படுத்திய பள்ளத்தில் தண்ணீர் ஒரு மாதம் கூடுதலாக நிற்பது நல்லதே. பள்ளத்தின் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் கோரையும் ஆம்பலும் கால் ஊன்ற இடம் இருக்காது. ஓரத்தைச் சாய்வாக விடச் சொல்வதற்குக் கூடுதல் செலவு ஏதும் இல்லை, வேலை நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

போன பருவம் மாசிக் கடைசியில், அதே நீர்பாய்ச்சியின் கண்மாயில் தண்ணீர் ஒரு பெரிய முற்றம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதில் முகத்து வரி மங்கிக்கொண்டிருந்த மூன்று இளம் பறவைகள், பெற்றோர் துணையில்லாமல், தனித்தனியாக முங்கிக்கொண்டிருந்தன. மடைத்தூணில் கடைசிக் கோடு தெரிந்தது. நாலு நாள் கழித்துப் போனபோது தண்ணீர் இன்னும் மிச்சமிருந்தது, பறவைகள் இல்லை. சேற்றில் நாய்த்தடம் இல்லை, இறகும் இல்லை. இரவில் கிளம்பியிருக்கின்றன. நோட்டில் எழுதினேன்: ஒரு குடும்பம், மூன்று குஞ்சு, மட்டம் அரை அடி.